அலெக்சாந்திரியாவில் ஒரு நாள்: நிலத்தடியில் தொடங்கிக் கடலோரம் முடியும் சுற்று

கெய்ரோவரை வந்துவிட்டோம், ஒரு நாள் கையில் இருக்கிறது, அலெக்சாந்திரியாவையும் பார்த்துவிடலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுவது என் வழக்கம். ஏழு அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் அங்கே இல்லை. பழைய நூலகம் இல்லை. அலெக்சாந்தரைப் புதைத்த இடம் எதுவென்று யாருக்கும் தெரியாது. அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்து அரண்மனைகள் துறைமுகத்து நீருக்கடியில் கிடக்கின்றன. ‘கிளியோபாத்ராவின் ஊசிகள்’ என்று பெயர் வாங்கிய இரண்டு கற்றூண்களில் ஒன்று லண்டனுக்கும் மற்றொன்று நியூயார்க்குக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறிவிட்டன.

பிரமிடுகளைப் பார்த்த கண்ணோடு இங்கே வருபவர்கள் மதியத்துக்குள் முகம் வாடிப்போவது இதனால்தான். கிமு 331-ல் அலெக்சாந்தர் கோடு கிழித்துக் கொடுத்த ஊரின்மேல் ரோமரும் அரபியரும் துருக்கியரும் அடுத்தடுத்துக் கட்டிக்கொண்டே போனார்கள். பழைய ஊர் இருக்கத்தான் செய்கிறது. பாதி மண்ணுக்கு அடியில், மீதி தண்ணீருக்கு அடியில். ஆகவே இந்த ஊரைச் சுற்ற ஒரு வரிசை வேண்டும். காலையில் நிலத்துக்குள் இறங்குங்கள், நண்பகலில் கடல்முனைக்குப் போங்கள், பொழுது சாயும்போது கடலோரமாகவே நடந்து வாருங்கள். மூன்று முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் தலைகீழாகச் சுற்றியதில் கால்வலியும் டாக்சிச் செலவும்தான் மிச்சம். கீழே இருப்பது மூன்றாம் முறை போன வரிசை.

எந்த நாள், எந்த மாதம்

வெள்ளிக்கிழமை வேண்டாம். புதிய நூலகம் அன்று காலையில் திறக்காது. தொழுகை முடியும்வரை கடைகள் பலவும் பூட்டிக் கிடக்கும். மாலையில் கடற்கரைச் சாலையில் நகர இடமிருக்காது. ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கெய்ரோவே வெயிலுக்குப் பயந்து இங்கே குடிபெயர்ந்துவிடும் என்பதால் அந்த மாதங்களும் வேண்டாம்.

குளிர்காலத்தில் போனால் மழைக்குத் தயாராகப் போங்கள். எகிப்தில் மழையா என்று சிரித்துக்கொண்டு டிசம்பரில் போய் உள்ளாடைவரை நனைந்து திரும்பியவன் நான். மத்தியதரைக் கடலின் குளிர்காலப் புயல்களை இந்த ஊர் மீனவர்கள் ‘நவ்வா’ என்பார்கள்; ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஏறக்குறைய நிலையான தேதியும் உண்டு. நவம்பர் நடுவில் வருவது ‘மக்னஸா’, அதாவது துடைப்பம். டிசம்பர் தொடக்கத்தில் வருவது ‘காசிம்’. அந்த நாட்களில் அலை கடற்கரைச் சுவரைத் தாண்டிச் சாலையில் வந்து விழும். அக்டோபர்தான் என் தேர்வு. ஏப்ரலும் நல்ல மாதமே, பாலைவனத்திலிருந்து கம்சீன் புழுதிக்காற்று கிளம்பாமல் இருந்தால்.

பையில் பாஸ்போர்ட்டும் வங்கி அட்டையும் இருக்கட்டும். அரசு நிர்வகிக்கும் தொல்லியல் இடங்களில் ரொக்கம் வாங்காமல் அட்டை மட்டும் கேட்கும் கவுண்டர்கள் உண்டு. டாக்சிக்கும் தேநீருக்கும் மட்டும் சில்லறை நோட்டுகள் போதும். வழுக்காத செருப்பு அல்லது ஷூ கட்டாயம். பெண்கள் ஒரு துப்பட்டாவை எடுத்துக்கொண்டால் மசூதிகளில் தடங்கல் இராது.

ரயில்

கெய்ரோவின் ராம்சேஸ் நிலையத்திலிருந்து சுமார் 210 கிலோமீட்டர். விரைவு ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். 1856-ல் ராபர்ட் ஸ்டீபன்சன் முடித்துக் கொடுத்த இந்தப் பாதைதான் ஆப்பிரிக்காவின் முதல் ரயில் பாதை. வழியெங்கும் நைல் டெல்டா. பச்சை வயல், கழுதை வண்டி, செங்கல் வீடு, மறுபடியும் பச்சை வயல். ஒன்பது மணிவாக்கில் அங்கே இறங்கும்படி அதிகாலை ரயிலைப் பிடியுங்கள். இரவு திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். மாலையில் வரிசையில் நின்று வாங்கலாம் என்றிருந்தால் குளிர்சாதனப் பெட்டி கிடைக்காது.

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் ஒரு சின்னக் கணக்குப் பாடம். பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் அரபு எழுத்தில் மட்டும் இருக்கக்கூடும். அதில் நம் பூஜ்யத்தைப்போல் வட்டமாக இருப்பது ஐந்து. வெறும் புள்ளிதான் பூஜ்யம். நம் 7-ஐப்போல் இருப்பது ஆறு. ஏழு மேல்நோக்கி விரிந்த இரண்டு கோடுகள். அதையே கவிழ்த்தால் எட்டு. இந்த ஐந்து வரியை மனப்பாடம் செய்யாததால் ஒரு பெரியவரின் இருக்கையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவரோடு கையால் வாதாடியிருக்கிறேன். கடைசியில் அவர் என் டிக்கெட்டில் இருந்த வட்டத்தைக் காட்டி, ஐந்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்.

இன்னொரு எச்சரிக்கை. அலெக்சாந்திரியாவில் ரயில் இரண்டு இடங்களில் நிற்கும். முதலில் வருவது சீதி காபர். பெட்டியில் பாதிப் பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுவார்கள். எழுந்துவிடாதீர்கள். கடைசி நிறுத்தமான மஹத்தத் மஸ்ர்தான் உங்களுக்கு வேண்டியது.

முதல் இறக்கம்: கோம் எல் ஷுகாஃபா

நிலைய வாசலில் கறுப்பும் மஞ்சளுமான டாக்சிகள் நிற்கும். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள், அல்லது கைபேசிச் செயலியில் வண்டி வரவழையுங்கள். போகுமிடம் ‘கோம் எல் ஷுகாஃபா’. ஓட்டுகள் குவிந்த மேடு என்று பொருள். இறந்தவரைப் பார்க்க வந்த உறவினர்கள் உணவும் மதுவும் கொண்டுவந்த கலயங்களை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகாமல் இங்கேயே உடைத்துப் போட்டதால் சேர்ந்த மேடு என்கிறார்கள்.

1900-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு கழுதை நடந்துபோனபோது தரை பிளந்து உள்ளே விழுந்தது. அப்படித்தான் இந்த நிலத்தடிக் கல்லறை வெளியுலகுக்குத் தெரிந்தது. கிபி இரண்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்தது. ஒரு வட்டக் கிணறு, அதைச் சுற்றி 99 படிகள். கிணற்றின் சுவரில் இருக்கும் சாளரங்கள் வழியே படிகளுக்கு வெளிச்சம் வரும்; சடலத்தைக் கயிற்றில் கட்டி அந்தக் கிணற்றின் நடுவே இறக்கியிருக்கிறார்கள். நீங்கள் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே அந்த வெற்றிடமும் கூடவே இறங்குகிறது.

கீழே போனதும் இடப்பக்கம் ஒரு விருந்து மண்டபம். மூன்று பக்கமும் பாறையிலேயே வெட்டிய திண்ணைகள். அதில் மெத்தை விரித்துச் சாய்ந்தபடி, இறந்தவரின் நினைவாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இங்கே ஒரு நிமிடம் நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு, அடுத்த அடுக்குக்கு இறங்குங்கள்.

முதன்மைக் கல்லறையில் அவசரப்படவே கூடாது. வாசலின் இருபுறமும் இரண்டு பெரிய பாம்புகள். தலையில் எகிப்திய மன்னர்களின் இரட்டை மகுடம். பக்கத்தில் கிரேக்கத் தெய்வங்களின் கோல்கள். மேலே கேடயத்தில் பாம்புக்கூந்தல் கொண்ட கிரேக்க அரக்கி மெடுசாவின் முகம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் வாசலைக் காத்து நிற்பவர் நரித்தலைக் கடவுள் அனுபிஸ். ஆனால் அவர் அணிந்திருப்பது ரோமானியப் படைவீரனின் கவசம், இடுப்பில் வாள். சுவரில் அதே அனுபிஸ் சிங்க வடிவக் கட்டிலில் கிடக்கும் மம்மிக்குச் சடங்கு செய்கிறார். கட்டிலுக்கு அடியில் உள்ளுறுப்புகளை வைக்கும் ஜாடிகள். எகிப்திய முறைப்படி நான்கு இருக்க வேண்டும்; இங்கே மூன்றுதான். சிற்பிக்கு முறை மறந்துபோயிற்றா, இடம் போதவில்லையா? எதுவானாலும், தாத்தா காலத்துச் சடங்கைப் பொருள் முழுக்கத் தெரியாமலே செய்துகொண்டிருந்த ஒரு தலைமுறையின் கை அது என்று எனக்குத் தோன்றும். முன்மண்டபத்து மாடங்களில் நிற்கும் ஆண், பெண் சிலைகளையும் பாருங்கள். உடல் நிற்கும் விதம் பழைய எகிப்து, தலைமயிர் ரோம் நகரத்து நாகரிகம். இந்த ஊர் எப்படிப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் இடம் வேறு எதுவும் இல்லை. அதனால்தான் நாளை இங்கே தொடங்கச் சொல்கிறேன்.

தூண்

கல்லறையிலிருந்து பத்து நிமிட நடையில் ‘பொம்பேயின் தூண்’. ரோமத் தளபதி பொம்பேக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டயோக்ளீஷியன் என்ற ரோமப் பேரரசன் கலகத்தை அடக்கி ஊரைப் பிடித்தபின், கிபி 300-ஐ ஒட்டி அவன் பெயரில் நட்டது. அடித்தளமும் போதிகையும் சேர்த்து ஏறத்தாழ 27 மீட்டர். அதில் 20 மீட்டருக்கு மேல் ஒரே கல். அஸ்வானிலிருந்து நைல் வழியே வந்த சிவப்பு கிரானைட். உள்ளூர்க்காரர்களுக்கு இது ‘அமூத் எஸ்ஸவாரி’.

இங்கே இருந்த செராபிஸ் கோயிலை 391-ஐ ஒட்டிக் கிறித்தவர்கள் இடித்துவிட்டார்கள். நிலத்தடிப் பாதைகளின் சுவர்களில் இருக்கும் மாடங்களைக் காட்டி, நூலகத்தின் சுருள்கள் இருந்த அலமாரிகள் இவை என்று யாராவது சொல்வார்கள். இந்தக் கோயிலில் நூலகத்தின் கிளை ஒன்று இருந்தது உண்மைதான். அந்தச் சுருள்கள் இந்த மாடங்களில் இருந்தன என்பதற்கு உறுதியில்லை. அரை மணி போதும். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.

கோம் எல் திக்கா: வகுப்பறைகளைத் தேடுங்கள்

மறுபடி டாக்சியில் ரயில் நிலையப் பக்கமே திரும்ப வேண்டும். 1960-ல் ஒரு மேட்டைச் சமன்செய்தபோது அடியில் ரோமானியக் கட்டடங்கள் தட்டுப்பட்டன. அன்றிலிருந்து போலந்து ஆய்வாளர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் படமெடுப்பது பளிங்கு அரங்கத்தை. குதிரை லாட வடிவில் 13 வரிசை. இருக்கைகளில் கிரேக்க எழுத்துகளில் எண் செதுக்கியிருப்பதைக் குனிந்து பாருங்கள். நடுவில் ஒரு கல்லின்மேல் நின்று பேசினால் உங்கள் குரலே உங்களிடம் பெருகி வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று அந்தக் கல்லில் ஏறிக் கத்திவிட்டு இறங்குவார்கள், நானும் ஏறினேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

ஆனால் இந்த இடத்தின் அருமை அரங்கத்துக்குப் பக்கத்து மண்ணில் இருக்கிறது. தாழ்வான சுவர்களோடு வரிசையாகச் சிறு அறைகள், இருபதுக்கும் குறையாமல். ஒவ்வொன்றிலும் சுவரை ஒட்டி இரண்டு மூன்று படிக்கட்டுத் திண்ணை. நடுவில், சற்று உயரத்தில், தனியாக ஓர் இருக்கை. இவை விரிவுரைக் கூடங்கள். ஐந்தாம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரை இங்கே ஆசிரியர் மேலே உட்கார, மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார்கள். அலெக்சாந்திரியாவின் கல்வி ஒரே தீயில் எரிந்து முடிந்துவிட்டது என்று சிறுவயதில் படித்ததை நம்பிக்கொண்டு வந்திருந்தேன். நூலகம் போன பின்னும் பல நூற்றாண்டு இந்த ஊரில் வகுப்புகள் நடந்தன என்பது அந்தத் திண்ணைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொன்றும் இருபது பேர் நெருக்கியடித்து உட்காரக்கூடிய அறை.

இதே வளாகத்தில் ‘பறவைகள் மாளிகை’ என்ற ரோமானிய வீட்டின் தரையில் மயிலும் புறாவும் கிளியும் வண்ணக் கற்களில் இருக்கின்றன. தனிச்சீட்டு கேட்டால் வாங்கிவிடுங்கள்.

கவாஃபியின் வீடு

இது எல்லோருக்குமானதல்ல. கவிதை பிடிக்காதவர்கள் நேரே கோட்டைக்குப் போய்விடலாம்.

வெளியே வந்து ஃபுவாத் தெருவைப் பிடித்து நடந்தால், நீங்கள் நடப்பது 2,300 ஆண்டு பழைய பாதை. ஊரை கிழக்கு மேற்காகப் பிளந்த கனோப்பஸ் பெருந்தெருவின் தடம் இது. அதைக் குறுக்கே வெட்டும் நபி தானியல் தெருவில் பழைய புத்தகக் கடைகள் நடைபாதையில் விரிந்திருக்கும். இந்தப் பக்கத்துச் சந்து ஒன்றின் மாடிவீட்டில்தான் கிரேக்கக் கவிஞர் கவாஃபி கடைசி 25 ஆண்டுகளும் வாழ்ந்தார். பகலில் நீர்ப்பாசனத் துறையில் எழுத்தர் வேலை. முப்பது ஆண்டு அதே துறை. இரவில் கவிதை. உயிரோடு இருந்தவரை ஒரு புத்தகமும் விற்பனைக்கு வெளியிடவில்லை. தாள்களில் அச்சிட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். கீழ்த்தளத்தில் விலைமாதர் இல்லம், அருகில் தேவாலயம், எதிரே கிரேக்க மருத்துவமனை. 1933-ல், பிறந்த நாளான ஏப்ரல் 29 அன்றே, அந்த மருத்துவமனையில் இறந்தார். அவர் வீட்டை 2024-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவர், மர நாற்காலி, உட்புறமாய் மூடிய ஜன்னல் பலகைகள். கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க நல்ல இடம்.

கோட்டைமுனை

இங்கிருந்து காயித்பே கோட்டைக்கு டாக்சி. வழியில் மன்ஷிய்யா சதுக்கத்தைக் கடப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட முகமது அலியின் சிலை, குதிரைமேல். 1956 ஜூலை 26 அன்று இங்கே திரண்ட கூட்டத்தின் முன் எகிப்திய அதிபர் நாசர் பேசினார். சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயரை அவர் பேச்சில் உச்சரிப்பதுதான் கால்வாயை நாட்டுடைமையாக்குவதற்கான சங்கேதம். வானொலியில் அது கேட்டதும் கால்வாய் அலுவலகங்களுக்குள் எகிப்திய அதிகாரிகள் நுழைந்தார்கள். நான்கு ஆண்டுக்கு முன் இதே தேதியில் மன்னர் ஃபாரூக் இந்த ஊரின் ராஸ் எல் தீன் அரண்மனையிலிருந்துதான் கப்பலேறி நாட்டைவிட்டுப் போனார். அந்த அரண்மனைக்குள் அனுமதியில்லை. அந்தப் பக்கம் கடற்படை இருப்பதால் கேமராவையும் நீட்டாதீர்கள்.

சதுக்கத்தைத் தாண்டியதும் உங்கள் வண்டி ஓடும் தரை ஒரு காலத்தில் கடல். ஃபாரோஸ் என்ற தீவையும் கரையையும் இணைக்க ஏழு ஸ்தாதியா நீளத்துக்கு, அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலாக, தாலமி மன்னர்கள் ஓர் அணைப்பாதை போட்டார்கள். அதன் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து அகன்று, இன்று அதன்மேல் ஒரு முழு நகரப் பகுதியே உட்கார்ந்திருக்கிறது.

தீவின் முனையில் கிமு 280-ஐ ஒட்டி எழுந்தது கலங்கரை விளக்கம். நூறு மீட்டருக்கு மேல் உயரம். நிலநடுக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. 1326-ல் மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து வந்த இளைஞர் இப்னு பதூதா இதற்குள் போயிருக்கிறார். வாசல் தரையிலிருந்து உயரத்தில் இருந்தது. எதிரே இருந்த கட்டடத்திலிருந்து மரப்பலகை போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பலகையை எடுத்துவிட்டால் வழியே இல்லை என்று எழுதிவைத்தார். அப்போதே ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349-ல் திரும்பி வந்தபோது வாசலைக்கூட எட்ட முடியவில்லை. இரண்டு வருகைக்கும் இடையில் அவர் எங்கெல்லாம் போனார் என்று பார்த்தால், அதில் மதுரையும் உண்டு. மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருடைய சகலை. மதுரையில் கொள்ளைநோயைக் கண்டு, தானும் காய்ச்சலில் விழுந்து எழுந்து போனவர்தான், பிறகு இந்த முனையில் வந்து நின்று விளக்கத்தின் இடிபாட்டைப் பார்த்தார்.

அந்த இடிபாட்டின் மேல்தான் 1477-ல் சுல்தான் காயித்பே கோட்டை கட்டத் தொடங்கினார். உள்ளே அறைகளும் நடைகளும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். 1882 ஜூலையில் ஆங்கிலேயக் கப்பல்கள் சுட்டதில் சிதைந்து, பின் சீராக்கியது. நேரத்தைக் கட்டடத்துக்குள் செலவிடாமல் கடல்பக்கத்து மதில்மேல் செலவிடுங்கள். கீழே தெரியும் அந்த நீரில் 1994 முதல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான் ஈவ் ஆம்பெரரின் குழு மூழ்கித் தேடி, ஆயிரக்கணக்கான கற்களைக் கணக்கெடுத்திருக்கிறது. சிலைகள், ஸ்பிங்ஸ்கள், கலங்கரை விளக்கத்துக் கதவுச் சட்டங்கள். மேலிருந்து பார்த்தால் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மட்டுமே தெரிவார்கள்.

மீன் சாப்பிடும் முறை

கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் பஹரி, அன்ஃபூஷி பகுதிகளில் மீன் உணவகங்கள் நிறைந்திருக்கின்றன. மெனு அட்டையைக் கேட்காதீர்கள். வாசலில் பனிக்கட்டியில் அடுக்கியிருக்கும் மீன்களிடம் நேரே போங்கள். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருப்பதைப் பார்த்து எடுப்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பூரி’ என்று எழுதியிருந்தால் நம்மூர்ப் பூரியை நினைத்து ஏமாற வேண்டாம், அது மடவை. ‘கம்பரி’ என்றால் இறால். கிலோ என்ன விலை, சமைக்க எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு, கண்முன் எடை போடச் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி எப்படிச் சமைப்பது என்பது. இரண்டு சொற்கள் போதும். ‘ரத்தா’ என்றால் மீனைக் கோதுமைத் தவிட்டில் புரட்டி அப்படியே நெருப்பில் சுடுவது. தவிடு கருகித் தோலோடு ஓடுபோல் ஒட்டிக்கொள்ளும்; அதை உரித்தால் உள்ளே சாறு வற்றாத வெள்ளைச் சதை. மடவைக்கு இதுவே பொருத்தம். ‘சிங்காரி’ என்றால் முதுகுப்பக்கம் பிளந்து விரித்து, வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், பூண்டு, சீரகம் பரப்பி அடுப்பில் வாட்டுவது. பெயருக்கேற்ற சிங்காரம்தான். கூடவே வெங்காயத்தைக் கறுக்க வதக்கிச் சமைத்த பழுப்பு நிறச் சோறு வரும், ‘சயாதிய்யா’. எள் விழுதான தஹினாவும் சாலட்டும் ரொட்டியும் கேட்காமலே மேசைக்கு வந்துவிடும். அவற்றுக்கும் பில் உண்டு. வேண்டாததைத் தொடாமல் திருப்பி அனுப்பலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சைவர்களுக்கு வேறு வழி. ரம்ல் டிராம் நிலையப் பக்கத்தில் இரவெல்லாம் வெந்த அவரைப்பருப்பில் எலுமிச்சையும் எண்ணெயும் சேர்த்த ஃபூல் கிடைக்கும், கூட அவரைப்பருப்பு வடையான ஃபலாஃபல். கெய்ரோவில் இதற்கு ‘தாமிய்யா’ என்று பெயர், இங்கே ஃபலாஃபல் என்று சொன்னால்தான் உள்ளூர் மரியாதை.

இரண்டு மசூதிகள்

சாப்பிட்டுவிட்டு நடந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் அபுல் அப்பாஸ் அல்முர்ஸி மசூதி. ஸ்பெயினின் மூர்சியாவில் 1219-ல் பிறந்து இங்கே வந்து அடங்கிய சூஃபி ஞானி அவர். இன்றைய எண்கோணக் கட்டடம் இருபதாம் நூற்றாண்டுடையது, வடிவமைத்தவர் மாரியோ ரோஸி என்ற இத்தாலியர். பயண நூல்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். நீங்கள் நிறுத்த வேண்டாம். எதிரே இருக்கும் சிறிய மசூதிக்குப் போங்கள்.

அங்கே அடங்கியிருப்பவர் அல்முர்ஸியின் சீடர், இமாம் பூசிரி. பக்கவாதத்தில் விழுந்தவர் நபியைப் புகழ்ந்து ஒரு கவிதை பாட, கனவில் நபி தம் போர்வையை அவர்மேல் போர்த்த, எழுந்து நடந்தார் என்பது மரபு. அந்தக் கவிதைதான் புர்தா. போர்வை என்றே பொருள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அல்முர்ஸியின் குருவான அபுல் ஹசன் ஷாதுலியின் பெயரில் அமைந்த ஷாதுலிய்யா வழியினர் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாம் முறை என்னோடு வந்த நண்பர் காயல்பட்டினத்துக்காரர். காலையிலிருந்து கல்லறைக்கும் தூணுக்கும் அசையாதவர், இங்கே சுவரைச் சுற்றி எழுதியிருந்த வரிகளைப் பார்த்ததும் உதடசைக்கத் தொடங்கினார். தரை கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு அடுத்த அடியைப் பிடித்தார். சொல் ஒன்றே, மெட்டு வேறு. நண்பர் தாழ்த்தும் இடத்தில் அவர் உயர்த்தினார். இரண்டு மூன்று முறை முட்டிக்கொண்டு, பின் நண்பர் விட்டுக்கொடுத்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, “எங்க ஊர் ராகம்தான் சரி” என்று மட்டும் முணுமுணுத்தார்.

கடலோர நடை

இங்கிருந்து கிழக்குத் துறைமுகத்தின் வளைவைச் சுற்றிக் கடற்கரைச் சாலையில் நடக்கலாம். சாத் ஸக்லூல் சதுக்கம்வரை நிதானமாக முக்கால் மணி. ஒரு பக்கம் கடல்; மறுபக்கம் உப்புக்காற்றில் பூச்சு உதிர்ந்த இத்தாலியப் பாணி மாடிகள், பால்கனிகளில் உலரும் துணிகள். சாலையைக் கடப்பது மட்டும் விளையாட்டல்ல. வண்டிகள் நிற்காது. சுரங்க நடைபாதை தெரிந்தால் அதில் இறங்குங்கள். இல்லையென்றால் கைக்குழந்தையோடு கடக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவரின் நிழலில் நடந்துவிடுங்கள். அதுதான் என் உத்தி.

கிளியோபாத்ராவின் ஊசிகள் நின்றிருந்தது இந்தச் சதுக்கத்துப் பக்கம்தான். 1905-ல் தொடங்கிய திரியானோன், 1922-ல் தொடங்கிய தெலிஸ் என்ற இரண்டு பழைய காபிக்கடைகளில் ஒன்றில் காலாறுங்கள். காபி சுமார்தான். கூரையைப் பார்க்கக் கொடுக்கும் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1863-ல் தொடங்கிய ரம்ல் டிராம் பாதை இங்கேதான் ஆரம்பம். சீரமைப்பு வேலைகள் நடப்பதால் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

நூலகம்

மாலை ஐந்து மணிக்குள் புதிய நூலகத்துக்கு வந்துவிடுங்கள். பையை வாசலில் கொடுத்துவிட வேண்டும். கடலிலிருந்து எழும் சூரியன்போல் சாய்ந்த 160 மீட்டர் வட்டம். நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனத்தின் வடிவமைப்பு. திறந்தது 2002 அக்டோபரில். வெளிச்சுவரின் சாம்பல் நிற கிரானைட்டில் 120 எழுத்து முறைகளின் எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். தெரிந்த எழுத்தைத் தேடும் பிள்ளைகளுக்கு அரை மணி போவது தெரியாது. உள்ளே அடுக்கடுக்காக இறங்கும் வாசிப்புக்கூடம், 2,000 பேருக்கு இடம். கூரையின் கண்ணாடிகள் வழியே நேர்வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் வரும். மேல் அடுக்கில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒரு மேசையில் போய் உட்காருங்கள். பக்கத்தில் மருத்துவ மாணவி ஒருத்தி எலும்புகளின் பெயரை மனனம் செய்துகொண்டிருப்பாள்.

பழைய நூலகத்தின் காப்பாளராக இருந்த எரட்டோஸ்தனீஸ், கோடையின் நெடும்பகலன்று அஸ்வானில் நிழல் விழாத நேரத்தில் இங்கே விழும் நிழலின் கோணத்தை அளந்தார். வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கி பூமியின் சுற்றளவைச் சொன்னார். இந்தத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் இருந்த நூல்களைப் பிடுங்கி, நகலெடுத்து, மூலத்தை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதும் பழைய குறிப்பு. நம் சரக்கும் இந்த வழியாகத்தான் போனது. கிபி இரண்டாம் நூற்றாண்டுப் பாபிரஸ் ஒன்று இன்று வியன்னாவில் இருக்கிறது: முசிறித் துறைமுகத்துக்குப் போய்வரும் வணிகத்துக்கான கடன் பத்திரம். ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த தந்தமும் துணியும் நறுமண வேரும், செங்கடலில் இறங்கி ஒட்டகத்தில் ஏறி நைலில் மிதந்து அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்குக்கு வந்துசேர வேண்டும் என்கிறது. வரி, நான்கில் ஒரு பங்கு.

விட்டுவிட வேண்டியவை

முந்தஸா அரண்மனைத் தோட்டம் அழகுதான், ஆனால் ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. போக்குவரத்திலேயே பொழுது போய்விடும். ஸ்டான்லி பாலமும் அப்படியே. கிரேக்க ரோமானிய அருங்காட்சியகம் 18 ஆண்டு மூடிக்கிடந்து 2023-ல் திறந்தது; அதை அவசரமாகப் பார்ப்பது பாவம். இரண்டாம் நாள் கிடைத்தால் அதற்கு ஒரு காலையை முழுதாகக் கொடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் மட்டும், கடலோர நடையை விட்டுவிட்டு அங்கே போய்விடலாம்.

திரும்புதல்

நூலகத்தை மூடும் நேரத்தில் எதிரே கடற்சுவரில் உட்காருங்கள். வேகவைத்த துர்முஸ் பருப்பை உப்பும் எலுமிச்சையும் சேர்த்து வண்டியில் விற்பார்கள். மேற்கே, வளைகுடாவின் அந்த முனையில், கோட்டைக்கு விளக்கு போட்டிருப்பார்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது எழுந்துவிடுங்கள். இந்த ஊரின் மாலை நெரிசலை நம்பக் கூடாது. சீதி காபரிலும் ஏறலாம்தான், ஆனால் அங்கே ரயில் சில நிமிடம்தான் நிற்கும்; பெட்டி எண்ணைத் தேடி நடைமேடையில் ஓட வேண்டியிருக்கும். மஹத்தத் மஸ்ர் நிலையத்தில் ரயில் முன்கூட்டியே வந்து நிற்கும். ஏறுவதற்கு முன் டிக்கெட்டை இன்னொரு முறை பாருங்கள். வட்டமாக இருப்பது ஐந்து.